கென்யா சஃபாரி: வண்டியையும் ஓட்டுநரையும் பார்த்துப் பணம் கட்டுங்கள்

கென்யாவுக்குப் போய்வந்ததிலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது சிங்கத்தைப் பற்றித்தான். பார்த்தீர்களா, எவ்வளவு பக்கத்தில், படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அடுத்தது செலவு. அந்த வண்டியை யார் ஓட்டினார், அவர் முந்தின இரவு தூங்கியிருந்தாரா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என் கணக்கில் விசாரணையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

நான் டூரிஸ்ட் வேன் தொழிலில் இருப்பவன். நவதிருப்பதி, திருச்செந்தூர், குற்றாலம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில், கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று எங்கள் வண்டிகள் ஓடுகின்றன. ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே இது ஒரு வேன்காரனின் மதிப்பீடு. விடுதியின் மெத்தையைப் பற்றியும் நீச்சல் குளத்தைப் பற்றியும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

2025 ஜனவரியில் மகரஜோதி முடிந்து வண்டிகளெல்லாம் சர்வீசுக்குப் போன பிறகு, மகனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் புறப்பட்டோம். நைரோபியில் என் மைத்துனன் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறான். "அத்தான், ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றுகிறீர்கள், நீங்கள் ஒரு தடவை பின்சீட்டில் உட்கார வேண்டாமா?" என்று நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பயணத்தை இரண்டு பகுதியாக அவனே ஏற்பாடு செய்தான். யானைகள் நிறைந்த அம்போசெலி பூங்காவுக்கு நைரோபியில் இருக்கும் ஒரு பயண நிறுவனம். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகப் பகுதிக்கு, அங்கேயே முகாம் வைத்திருக்கும் வேறொரு சிறிய நிறுவனம். இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இருந்த வேறுபாடு எதில் என்று தெரிந்துகொண்டால், எந்த நிறுவனத்திடம் பேசினாலும் நல்லதைப் பிரித்தெடுத்துவிடலாம்.

புறப்படும் ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்கு வசதி. அங்கிருந்து வளைகுடா வழியாக நைரோபி. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது, பதிலாக இணையத்தில் விண்ணப்பித்து மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடாமல் கிளம்பக் கூடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அது கையில் இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். நாங்கள் சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டோம். மலேரியா மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. மனைவி எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் கட்டினாள். பாபநாசம் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைத் தேடி எடுக்கும் வனத்துறையினரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

முதல் பகுதியில் குறை இருந்தது. லேண்ட் குரூசர் என்று எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கியிருந்தார்கள். காலையில் வாசலில் நின்றது கூரை திறக்கும் வேன். கேட்டதற்கு, லேண்ட் குரூசர் பட்டறையில் நிற்கிறது என்றார்கள். வண்டி மாறுவது எங்கள் தொழிலிலும் நடப்பதுதான், அதற்காக நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் பின்பக்க டயர் ஒன்று தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டெப்னி அதைவிட மோசம். ஓட்டுநரின் கண்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன. பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது: முந்தின நாள் மொம்பாசாவிலிருந்து ஒரு குழுவை ஏற்றிக்கொண்டு வந்து, நள்ளிரவுக்குப் பிறகு இறக்கிவிட்டு, விடியும் முன்பே எங்களுக்காகக் கிளம்பியிருக்கிறார். நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நான்கைந்து மணி நேரம். எமாலி வரை மொம்பாசா நெடுஞ்சாலை, லாரிகள் வரிசையாகப் போகும் சாலை. அங்கே பயணிகள் வண்டிகளுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு உண்டு. 2004-இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஜான் மிச்சூகி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சீட் பெல்ட்டையும் கட்டாயமாக்கினார். விதி என்னவோ நல்ல விதிதான். தூங்காத மனிதனுக்கு எந்தக் கருவி பொருத்துவது?

எமாலியில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, நானும் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் முதலில் மறுத்தார். அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். தெரியாது என்றேன். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு ஓட்டிய மனிதர் வேறு மனிதர். ஒவ்வொரு பறவைக்கும் பெயர் சொன்னார், பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், பேசினார், சிரித்தார். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை. தூக்கத்தைத்தான் அந்த நிறுவனம் திருடியிருந்தது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாடிக்கையாளரிடம் முந்நூறு, நானூறு டாலர் என்று நாள்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஓட்டுநருக்கு ஓர் இரவு ஓய்வு கொடுக்க மனம் வராத நிறுவனம் யானையைக் காட்டினால் என்ன, சிங்கத்தைக் காட்டினால் என்ன!

அம்போசெலி பூங்கா பரப்பில் சிறியது, 392 சதுர கிலோமீட்டர்தான். நம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் பாதிகூட வராது. ஆனால் அங்கே எதுவும் மறைவதில்லை. மரமில்லாத வெள்ளை மண், சுழன்று எழும் புழுதி, எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரத்தில் கிளிமஞ்சாரோ. அதிகாலையில் பனியோடு முழுசாகத் தெரியும். கொஞ்சம் வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். அந்த மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, பூங்காவின் நடுவில் ஊற்றாக வெளிவருகிறது. சுற்றிலும் வறண்டு கிடக்க, நடுவில் பச்சைச் சதுப்பு. யானைகள் காலையில் அந்தச் சதுப்பை நோக்கி வரிசையாக வரும்; மார்பளவு நீரில் நின்று கோரையைப் பிடுங்கித் தின்னும்; சாயங்காலம் அதே வரிசையில் திரும்பும்.

காந்திமதியை நான் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் புறப்படுவதற்குச் சற்று முன்புதான், அந்த ஜனவரியில், நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதி 56 வயதில் இறந்தது. ஊரே அழுதது. என் மனைவி சிறுவயதிலிருந்து டவுனில் வளர்ந்தவள். அந்த யானைக்குப் பழம் கொடுக்காமல் எந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்குக் கழிந்ததில்லை. அம்போசெலியில் ஒரு கூட்டம் எங்கள் வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்தது. முன்னால் கிழட்டுப் பெண் யானை, பின்னால் மகள்கள், பேத்திகள், கால்களுக்கு நடுவில் குட்டிகள். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு என்பதால் முதலில் எல்லாவற்றையும் ஆண் என்றே நினைக்கத் தோன்றும். குட்டி ஒன்று சறுக்கி விழுந்தது. மூன்று யானைகள் திரும்பி வந்து தூக்கிவிட்டன. "காந்திமதிக்கு இப்படி ஒருத்தியாவது பக்கத்தில் இருந்திருக்கலாம்" என்று மனைவி சொன்னாள். அதன் பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை.

சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளர் 1972-இல் தொடங்கி அம்போசெலியின் யானைகளைக் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து வருகிறார். காதின் கிழிசலையும் நரம்போட்டத்தையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். எக்கோ என்ற புகழ்பெற்ற தலைவி 2009-இல் இறந்தபோது, அவளுடைய தாய்வழி உறவெல்லாம் அவர்களின் ஏட்டில் இருந்தது. யானை என்றால் ஒரு மிருகம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நினைத்துப் போங்கள். அப்போதுதான் ஒரே கூட்டத்தோடு அரை நாள் நிற்கப் பொறுமை வரும். அரை நாள் நிற்க ஓட்டுநரும் இசைய வேண்டும். எங்கள் முதல் ஓட்டுநர், தூங்கி எழுந்த அந்த நல்ல மனிதர், இசைந்தார்.

சாயங்காலம் விடுதியில் வழக்கம்போல ஓட்டுநர்கள் தங்கும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் அது என் பழக்கம். தகரக் கூரை, ஒரே அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள், மின்விசிறி இல்லை, சாப்பாடு தனி. எங்கள் அறையிலோ கொசுவலைக்குள் ரோஜா இதழ் தூவி வைத்திருந்தார்கள். அந்த ரோஜாவுக்கு நான் மதிப்பெண் போடவில்லை.

நைவாஷா ஏரியில் படகில் போய் நீர்யானையும் மீன்பிடிக் கழுகும் பார்த்தோம். வழியில் இறங்கினால் ஒரு காலைப் பொழுது இனிமையாகப் போகும், அதற்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. மாய் மாஹியு மலைச்சரிவில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கைக் காட்டி நிறுத்துவார்கள். கீழே இறங்கினால் 1942-இல் இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. சாலை போட வந்த கைதிகள் கட்டியது என்று கேட்டபோது, அந்த வளைவுகளை இன்னும் மரியாதையோடு பார்த்தேன்.

இனி மாரா. நாரோக் ஊரில் எங்களை ஏற்றிக்கொள்ள முகாமின் வண்டி வந்து நின்றது. 70 வரிசை லேண்ட் குரூசர், 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல், மின்னணுச் சிக்கல் எதுவும் இல்லாத பழைய வகை எஞ்சின். நடுக்காட்டில் நின்றாலும் ஸ்பேனர் இருந்தால் கிளப்பிவிடலாம். சேசிஸை நீட்டி, கூரையைத் தூக்கும்படி செய்து, கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைப் போல நைரோபிப் பட்டறைகளில் இந்த வண்டிகளுக்குக் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் ஜன்னல் சீட். பின்னால் இரண்டு ஸ்டெப்னி, இரண்டும் புதிது. நான் குனிந்து டயரைப் பார்ப்பதைக் கவனித்த ஓட்டுநர், தானாகவே பானெட்டைத் திறந்து காட்டினார். அந்த நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் மொழி தேவைப்படவில்லை.

அவர் மசாய் என்ற மேய்ச்சல் இனத்து இளைஞர். மாராவிலேயே இருக்கும் கோய்யாகி வழிகாட்டிப் பள்ளியில் படித்தவர். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று 1996-இல் தொடங்கிய ஒரு தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிநிலைகளில் சான்று தருகிறது. இவர் சட்டையில் வெள்ளிச் சின்னம் குத்தியிருந்தார். பணம் கட்டுமுன் "வழிகாட்டியிடம் எந்தச் சான்று இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல நிறுவனம் உடனே சொல்லும். தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். என்னை அவர் 'ம்ஸே' என்று அழைத்தார், அங்கே பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. மனைவி அவரைத் தம்பி என்றாள். கடைசிவரை அப்படியே நடந்தது.

முதல் நாளே மனைவி ஒரு காரியம் செய்தாள். "தம்பி, எங்களிடம் பட்டியல் எதுவும் இல்லை. இதைக் காட்டு, அதைக் காட்டு என்று கேட்க மாட்டோம். உங்களுக்கு எது நல்லது என்று படுகிறதோ அங்கே நிறுத்துங்கள்" என்றாள். எங்களோடு வந்திருந்த மைத்துனன் மொழிபெயர்த்தான். அந்த இளைஞரின் தோள் இறங்கியதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்று ஐந்தையும் ஒரே நாளில் கேட்கிற பயணிகள் எத்தனையோ பேர். காட்டாவிட்டால் முகம் வாடும், அன்பளிப்பு குறையும். அந்தப் பயத்தில்தான் ஓட்டுநர்கள் வானொலியில் ஒரு சேதி வந்ததும் புழுதி பறக்க ஓடுகிறார்கள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது வேறு சஃபாரி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முகாம் தேசியக் காப்பகத்துக்குள் இல்லை. அதை ஒட்டியுள்ள நபோய்ஷோ என்ற மசாய் நிலப் பகுதியில் இருந்தது. இதை விளக்க வேண்டும். மசாய் மாரா காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர், நாரோக் மாவட்ட அரசின் பொறுப்பில் உள்ளது. அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நிலம் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்து, வேலி போடாமல், முகாம்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. ஓலாரே ஓரோக் பகுதியில் 2006-இல் இந்த ஏற்பாடு வந்தது, பிறகு நபோய்ஷோ போன்ற பகுதிகளிலும் வந்தது. கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. காப்பகத்துக்குள் இரவில் வண்டி ஓட்டக் கூடாது, காட்டில் நடக்கவும் கூடாது. இங்கே காவலரோடு இரண்டும் செய்யலாம். குத்தகைப் பணம் நேரே குடும்பத்துக்குப் போகிறது. எங்கள் வழிகாட்டியின் அப்பா பெயரில் சுமார் 150 ஏக்கர் இருக்கிறதாம். பணம் அவருடைய கைபேசிக்கே வந்துவிடும் என்றார். "சிங்கம் எங்கள் மாட்டைத் தின்றால் முன்பு ஈட்டியை எடுப்போம். இப்போது அது உயிரோடு இருந்தால்தான் என் தங்கை பள்ளிக்கூடம் போவாள்" என்று அவர் சொன்னபோது, பெருமையும் கவலையும் சேர்ந்தே தெரிந்தன. கவலைக்குக் காரணம் உண்டு. 2020-இல் கொரோனாவால் பயணிகள் நின்றதும் குத்தகைப் பணம் பல இடங்களில் குறைந்துவிட்டது. அப்போதும் வேலி போடாமல் காத்திருந்தார்கள் அவருடைய வீட்டார்.

உங்கள் ஊரில் என்ன விலங்கு என்று அவர் கேட்டார். நான் கூந்தன்குளத்தைச் சொன்னேன். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் குளத்துக்கு வரும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்ப்பார்கள். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். "அந்த ஊருக்கு யார் குத்தகை கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நம்பாமல் மைத்துனனைப் பார்த்தார். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. கூந்தன்குளத்துக்கு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோம்; அந்த ஊரில் ஒரு டீ குடிப்பதோடு சரி.

ஒரு காலையில் அவர் சமவெளியின் ஓரத்தில் ஒரு கறையான் புற்றைக் காட்டினார். அதன்மேல் சீட்டா என்கிற சிவிங்கிப்புலி, கீழே புல்லுக்குள் குட்டிகள். வெகு தூரத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நான் வண்டிக்காரன், எஞ்சின் நின்ற பிறகு காதுக்குள் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது எனக்கே அன்று புதிதாக இருந்தது. புல் உரசும் ஓசை, ஏதோ குருவி, குட்டிகள் கீச்சிடுவது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. தாய் எழுந்தது, படுத்தது, மறுபடி எழுந்தது. மான் கூட்டம் ஒன்று நகர்ந்து வந்ததும் அது புல்லோடு புல்லாகத் தாழ்ந்தது. பிறகு நடந்தது சில விநாடிகள். மானைப் பிடித்த பிறகும் எங்கள் வழிகாட்டி சாவியைத் தொடவில்லை. பின்னால் வந்த இன்னொரு வண்டிக்கும் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டிகள் கூடினால் கழுதைப்புலிக்குத் தகவல் போய்விடும், அது வந்து பறித்துவிடும், குட்டிகள் பட்டினி என்றார். தாய் மூச்சு வாங்கி முடித்து, குட்டிகளைக் கூப்பிட்டு, அவை தின்னத் தொடங்கிய பிறகே பக்கத்தில் போனோம்.

மறுநாள் காப்பகத்துக்குள் போனபோது இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தோம். வேறொரு சிவிங்கிப்புலி, அதுவும் தாய். சுற்றிலும் இருபது வண்டிகள். ஒருவர் கூரைமேல் ஏறி நின்று விசில் அடித்தார். விலங்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சக்கரம். "ம்ஸே, நாம் போனால் இருபத்தொன்றாவது வண்டி, அவ்வளவுதான்" என்று சொல்லி எங்கள் வழிகாட்டி வண்டியைத் திருப்பிவிட்டார். 2018-இல் வெளியான மாரா ஆய்வு ஒன்றின்படி, வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் நெருக்கும் பகுதியில் அந்தச் சராசரி 0.2. ஐந்து தாய்களுக்கு ஒரு குட்டி. அந்த வண்டிகளில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காசு கொடுத்து, கடல் கடந்து, ஒரு அழகான விலங்கைப் பார்க்க வந்தவர்கள். ஓட்டுநரிடம் "வேண்டாம், திருப்புங்கள்" என்று அவர்களில் ஒருவராவது சொல்லியிருந்தால் ஒரு வண்டி குறைந்திருக்கும்.

ஒரு மாலையில் மழை பிடித்துக்கொண்டது. மாராவின் மண் பல இடங்களில் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். வழிகாட்டி நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே நிதானத்தில் வைத்து, பழைய தடத்தை விட்டு விலகாமல் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் ஒரு வேன் அச்சுவரை புதைந்து நின்றது. இறங்கிக் கயிறு கட்டி இழுத்தோம். ஆகவே மாராவுக்கு வேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலை குறைவு என்று ஆசை காட்டினாலும்.

பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். காப்பகத்து வாயிலுக்குப் பக்கத்தில் 'மசாய் கிராமம்' என்று காட்டுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு குதித்துக் காட்டி, கட்டையில் தீக் கடைந்து காட்டி, பாசிமணிக் கடை வரிசைக்குள் விட்டுவிடுவார்கள். பேரம் பேசி முடிப்பதற்குள் எங்களுக்கும் மனம் சோர்ந்தது, விற்ற பெண்களுக்கும் சோர்ந்தது. அதைவிட, எங்கள் வழிகாட்டியின் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பால் ஊற்றிய டீ குடித்த அரை மணி நேரம் எவ்வளவோ மேல். அந்த அம்மா என் மனைவியின் தாலிச்சரட்டைத் தொட்டுப் பார்த்தார். இவள் அவருடைய மணிமாலையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நிறையப் பேசினார்கள்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சப்பாத்தி அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல், அவரை வகைகள், சோறு எல்லாம் கிடைக்கும். முகாமின் சமையல்காரர் எங்கள் பருப்புப் பொடியை ருசி பார்த்துவிட்டு ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே வழிகாட்டியும் எங்களோடு ஒரே மேசையில்தான் சாப்பிட்டார். பணியாளர் கூடாரங்களையும் போய்ப் பார்த்தேன்: ஆளுக்கொரு கட்டில், வெந்நீர், எங்களுக்குச் சமைத்த அதே அடுப்பின் சாப்பாடு. முழு மதிப்பெண் இங்கே.

எப்போது போவது? ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் இடப்பெயர்ச்சியில் பெரும் மந்தைகள் மாராவுக்குள் வரும்; ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகக் கூட்டம் அலைமோதும். 2024-இலிருந்து வெளிநாட்டவருக்குக் காப்பக நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாங்கள் போன பிப்ரவரியில் அந்த மந்தைகள் தெற்கே செரெங்கெட்டியில் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. அதனால் எங்களுக்கு எதுவும் குறையவில்லை. மாராவின் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எங்கேயும் போவதில்லை. பாதிக் கட்டணம், பாதிக் கூட்டம். ஏப்ரல், மே பெருமழைக் காலம். கரிசலை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விமானம், தங்கல், கட்டணங்கள், ஊசி எல்லாம் சேர்த்துத் தலைக்கு மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது. சின்னத் தொகை இல்லை. பணத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா என்று நாளுக்கொரு இடம் அடைத்துத் தரும் திட்டங்களில் பாதி நேரம் சாலையில் போகும், ஓட்டுநரும் களைப்பார். ஒரே இடத்தில் கூடுதலாக இரண்டு இரவு தங்குவது நல்லது. கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: வண்டியின் வகை, வழிகாட்டியின் சான்று, அவர் முந்தின நாள் எங்கே ஓட்டினார், முகாமில் எங்கே தூங்குவார், நிலத்துக்காரர்களுக்குப் பணம் எப்படிப் போகிறது. வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள் முன்சீட்டைக் கேளுங்கள், பின்சீட்டில் தூக்கிப்போடும். பெண்கள் கழிப்பிடத்துக்கு நிறுத்தத் தயங்க வேண்டாம். 'டயரைப் பார்க்க வேண்டும்' என்று சொன்னால் அங்கே எல்லா ஓட்டுநருக்கும் புரியும், பத்திரமான இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள்.

அன்பளிப்பை உறையில் போட்டு வழிகாட்டியின் கையிலேயே கொடுங்கள், அலுவலகத்தில் கொடுக்காதீர்கள். பயணி ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது டாலர் என்பது அங்கே நடைமுறை. முகாமில் சமையல்காரருக்கும் மற்றவர்களுக்கும் பொதுப்பெட்டி தனியாக இருக்கும், அதையும் மறக்க வேண்டாம். எமாலியில் தூங்கிய அந்த ஓட்டுநருக்கும் நாங்கள் இதே கணக்கில்தான் கொடுத்தோம்.